விடியும்வரை வியாழக்கிழமை

போன மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. மனித உரிமை வேலை செய்கிற இளையவர்கள் சிலர் அனுப்பியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்குமூலம் எடுப்பதற்கான புதிய படிவமாம். நான் பழைய ஆள் என்பதால் ஒருமுறை பார்த்துக் கருத்துச் சொல்லவேண்டும் என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். பார்த்தேன். எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தது. பெயருக்கு ஒரு பெட்டி, திகதிக்கு ஒரு பெட்டி, நேரத்துக்கு ஒரு பெட்டி, நடந்ததைச் சொல்ல நாலு வரி. அந்தத் திகதிப் பெட்டியைக் கண்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வரி எழுதி அனுப்பலாம் என்றுதான் தொடங்கினேன். அது இப்படி நீண்டுவிட்டது. சுருக்கெழுத்துப் படித்தவளுக்கும் சுருக்கமாக எழுத வராது போலிருக்கிறது.

நான் தட்டெழுத்துக்காரி. தலைவி இல்லை, பேச்சாளர் இல்லை, ஒரு மேடையிலும் ஏறியதில்லை. மற்றவர்கள் பட்டதை அவர்கள் சொன்னபடி எழுதி, மூன்று காபன் தாள் வைத்து அடித்துக் கொடுத்ததுதான் என் தொழில்.

ஐம்பத்தாறாம் ஆண்டு சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோது யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மாடியில் ஆங்கிலத் தட்டெழுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் படிப்பித்தவர் அன்று கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "பிள்ளையள், இனி உங்களுக்கு இந்த விரலாலை அரசாங்கச் சோறு கிடையாது" என்று சொன்னார். நாங்கள் சிரித்தோம். இரண்டு வருடம் கழித்துக் கலவரத்துக்குத் தப்பி, கொழும்பில் இருந்து எங்கள் ஆட்கள் அகதிகளாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். பெயர் எழுத ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். காலையில் இருந்து பின்னேரம் வரை பெயர், வயது, விட்டுவந்த வீட்டு விலாசம். ஒரு கிழவர் தன் விலாசத்தைச் சொல்லிவிட்டு, "சரியா எழுதும் மேனை, நான் திரும்பிப் போறதுக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் பெயர் எழுதும்போது சிரித்ததில்லை. அறுபத்தொன்றில் அந்தச் சட்டத்தை எதிர்த்து, கச்சேரி என்கிற அரசாங்க அதிபர் அலுவலக வாசலில் மறியல் இருந்தவர்களோடு நானும் சில நாள் இருந்தேன். பிறகு ஒரு பிரக்கிராசியார் கந்தோரில், அதாவது சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில், வேலை கிடைத்தது. காணி உறுதிகளும் வழக்குப் பத்திரங்களும் அடித்து அடித்துப் பல வருடங்கள் ஓடின.

அங்கேதான் சேவேயர் ஐயாவைக் கண்டேன். அரசாங்க நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் ஊருக்கெல்லாம் அவர் சேவேயர் ஐயாதான். காணி வரைபடம் ஒன்றோடு கந்தோருக்கு வந்தவர், நான் அடித்த உறுதியில் வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் மாறிப்போனதைக் கண்டுபிடித்தார். பிரக்கிராசியாரிடம் சொல்லாமல் என் மேசைக்கு வந்து பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை வந்து, சனிக்கிழமைகளில் தன் குழுவுக்குத் தட்டெழுத்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். குழு என்றால் பாதிக்கப்பட்டவர்களின் முறைப்பாடுகளை எழுதி அனுப்புகிற ஏழெட்டுப் பேர், இளைப்பாறிய ஆசிரியர்கள், தபாலதிபர் ஒருவர், ஒன்றிரண்டு சட்டத்தரணிகள். கொழும்புத்துறை வீதியில் இருந்த ஐயாவின் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு ரைப்ரைட்டர், சுவரில் ஒரு கலண்டர், வந்தவர் இருக்க நல்ல கதிரை ஒன்று. நல்ல கதிரை வந்தவருக்கு என்பது அவருடைய சட்டம்.

வாக்குமூலம் எடுப்பதில் அவருக்கு இன்னும் பல சட்டங்கள் இருந்தன. முதலில் தேத்தண்ணி. பிறகு வந்தவர் முழுக்கதையையும் சொல்லவேண்டும், நாங்கள் பென்சிலைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை சொல்லும்போதுதான் நான் எழுதலாம். அப்போதும் அவர்களுடைய சொல்லில். எழுதியதில் எதையும் வெட்டக்கூடாது, கூட்ட மட்டும்தான் செய்யலாம். அதற்குப் பிறகு ஐயா கேட்கத் தொடங்குவார். "எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்? அவன் எவ்வளவு தூரத்திலை நிண்டவன்? எழும்பி நடந்து காட்டுங்கோ." வந்தவர் முற்றத்தில் இறங்கி நடப்பார். ஐயா காலடியை எண்ணி எழுதுவார். எல்லாம் முடிந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டவேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர்கள் ஓம், சரிதான் என்று சொன்னபிறகுதான் ரைப்ரைட்டரில் தாள் ஏறும்.

ஒருமுறை நான் 'மிருகத்தனமாகத் தாக்கினார்கள்' என்று அடித்துவிட்டேன். ஐயா அந்தச் சொல்லில் புள்ளி வைத்தார்.

"இதை அவர் சொன்னவரோ, நீர் சொன்னனீரோ?"

"நான்தான், ஐயா. ஆனால் அவர் முதுகைக் காட்டினவர். பாக்கேலாது."

"எத்தினை காயம் எண்டு எழுதும். நீளத்தை எழுதும். கோவப்படுறது வாசிக்கிறவன்ரை வேலை, பிள்ளை. அவன்ரை வேலையை நீர் செய்தால் அவன் சும்மா இருந்திடுவான்."

அவருக்கு நெஞ்சு இல்லையோ என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பு ஒரு அலுமினியக் குவளையோடு போயிற்று.

அறுபதுகளின் கடைசி. நெல்லியடிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் கணபதி என்ற கூலித் தொழிலாளி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அவருடைய சாதிக்கு வாங்கும் இல்லை, கிளாசும் இல்லை, வெளியே நின்று தகரப் பேணியில் குடிக்கவேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம். முதலாளி கொதிக்கிற தேத்தண்ணியை அவர் கையில் ஊற்றிவிட்டான். அப்படிச் செய்வது குற்றம் என்று நாட்டில் சட்டமே இருந்தது. யார் முறையிடுவது? கணபதி முறையிடத் துணிந்து பஸ் ஏறி எங்களிடம் வந்தார். கையில் துணி சுற்றியிருந்தது.

ஐயாவின் சட்டப்படி நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். ஐயாவுக்குக் கிளாசில். எனக்குக் கிளாசில். கணபதிக்கு, கிணற்றடியில் வேலைக்காரருக்கென்று கிடந்த அலுமினியக் குவளையில். வேண்டுமென்று செய்யவில்லை. யோசித்துச் செய்யவும் இல்லை. என் கை தானாகப் போய் அதை எடுத்தது, அதுதான் பெரிய வெட்கம். கிளாஸ் மறுத்ததைப் பற்றி முறையிட வந்த மனிதனுக்கு நான் குவளையை நீட்டினேன். அவரும் அதை வாங்கக் கையை நீட்டினார். ஐயா எழுந்து அந்தக் குவளையைத் தான் எடுத்துக்கொண்டு தன் கிளாசைக் கணபதியின் முன்னால் வைத்தார். "கடையிலை நாலு பேர் இருந்தவை எண்டு சொன்னனீங்கள். எந்த வாங்கிலை?" என்று விசாரணையைத் தொடர்ந்தார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் குவளையில்தான் குடித்தார். பதினைந்து வருடம் அதை நான் கழுவி வைத்தேன். அதைப் பற்றி ஒரு சொல் எங்களுக்குள் நடந்ததில்லை. வீட்டில் என் அண்ணை, "அவையின்ரை வழக்குக்கு நீ ஏன் ரைப் அடிக்கிறாய்?" என்று கத்தினார். சிங்கள அரசாங்கம் எங்களுக்குச் செய்வதைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற மனிதர் அவர். "அவையும் நாங்களும் ஒரு சனமெண்டால் நான் அடிக்கத்தானே வேணும்" என்றேன். அன்று அண்ணை என்னோடு இருந்து சாப்பிடவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் பிரக்கிராசியார் காலமானார், கந்தோர் மூடப்பட்டது. நான் முழுநேரமாகக் குழுவுக்கு வந்தேன். சில வருடங்களில் வருகிற ஆட்களும் மாறினார்கள். எழுபதுகளின் கடைசியில் பயங்கரவாதத்தைத் தடுக்க என்று புதிய சட்டம் வந்தபிறகு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை என்றாகிவிட்டது. தாய்மாரும் மனைவிமாரும் காலையிலேயே வந்து முற்றத்தில் நிற்பார்கள். இப்போது நான் சொல்லவேண்டியது அவர்களில் ஒருத்தியைப் பற்றி.

அவள் பெயர் அன்னலெட்சுமி. தொண்டைமானாற்றுப் பக்கம், கடற்றொழில் குடும்பம். முப்பது வயது இருக்கும். புருஷன் தணிகாசலம். இயக்கம், கூட்டம் ஒன்றுக்கும் போகாத மனிதன் என்று ஊரே சொன்னது. விடியப்புறம் தொழிலுக்குப் போக வாசலுக்கு வந்தவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் இரண்டு ஆமி முகாம்களுக்கும் மூன்று பொலிஸ் நிலையங்களுக்கும் அலைந்துவிட்டு ஒரு திங்கட்கிழமை எங்களிடம் வந்தாள். எங்கே போனாலும் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்ற ஒரே பதில். அப்படிச் சொல்லப்படுகிறவர்களில் சிலர் பிறகு எங்குமே இல்லாமல் போனார்கள். இருக்கிறார் என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்கவேண்டும், அதுவும் நாள் தாமதிக்காமல் கெதியாக. அதற்கு இருந்த ஒரே வழி கொழும்பு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவது. மனுவோடு மனைவியின் சத்தியக் கடதாசி போகவேண்டும்.

அன்று சேவேயர் ஐயா காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். எங்கள் சட்டத்தரணி ஒருவர் அன்று மாலை ரயிலில் கொழும்புக்குப் போக இருந்தார். அவர் கையில் கொடுத்துவிட்டால் புதன்கிழமையே மனு போடலாம். தவறவிட்டால் இன்னொரு கிழமை. நான் தனியாக எடுத்தேன்.

"எந்த நாள்?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை, அக்கா."

"எத்தினை மணி?"

"விடியப்புறம் மூண்டு மணி. அலாரம் அடிச்சு எழும்பினவர்."

கலண்டரைப் பார்த்து வியாழக்கிழமையின் திகதியை எழுதினேன். அவள் ஜீப்பைப் பற்றிச் சொன்னாள், ரோர்ச் லைட்டைப் பற்றிச் சொன்னாள், அவர் சேட்டு எடுத்துப் போட உள்ளே வரக் கேட்டதற்கு விடவில்லை என்று சொன்னாள். பிறகு, "என்ரை தம்பியின்ரை எழுத்துக்கும் அவர்தான் சாட்சிக் கையெழுத்து வைச்சவர், அக்கா. ஊருக்குள்ளை அவ்வளவு மரியாதையான மனிசன்" என்றாள். எழுத்து என்று நாங்கள் சொல்வது கலியாணப் பதிவை. அதையும் எழுதினேன். மணியைப் பார்த்தேன். நாலு. ரயில் காத்திருக்காது. ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கலியாண வீட்டுக் கதை நீதிமன்றத்துக்கு எதற்கு என்று நினைத்து, அந்த வரியைப் பென்சிலால் வெட்டினேன். வாசித்துக் காட்டினேன். "வியாழக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு" என்றபோது அவள் ஓம் என்றாள். அடித்து, கையெழுத்து வாங்கி, சைக்கிளில் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை நேரத்துக்கு முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்று கிழமை கழித்துக் கொழும்புச் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. மனு தள்ளுபடியாகிவிட்டது. அரச தரப்பின் பதிலையும் இணைத்திருந்தார். இப்படி ஒரு ஆளைத் தாங்கள் கைது செய்யவில்லை, கண்டதும் இல்லை. மனைவி சொல்வது பொய். வியாழன் அதிகாலை பிடிக்கப்பட்டதாகச் சொல்லும் ஆள், அதே வியாழன் காலை பத்து மணிக்கு மனைவியின் தம்பியுடைய விவாகப் பதிவில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறார்.

நான் வெட்டிய வரி நினைவுக்கு வந்தது. விவாகப் பதிவு என்ற அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

எங்கள் வீடுகளில் நாள் விடியலோடுதான் தொடங்கும். பொழுது கிளம்பினால்தான் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் எத்தனை மணி அடித்தாலும் அது வியாழன்தான். தொழிலுக்குப் போகிறவர் வியாழன் இரவு படுத்து, மூன்று மணிக்கு எழும்பினால், அது வியாழக்கிழமை விடியப்புறம். அன்னலெட்சுமி சரியாகத்தான் சொன்னாள். வியாழன் காலை எழுத்துக்குப் போய்வந்தவரை அன்றிரவு விடியுமுன் பிடித்திருக்கிறார்கள். கந்தோருக்கு நாள் நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது. நான் அவள் சொன்ன கிழமையை எடுத்துக் கந்தோரின் திகதியைப் போட்டு, மனிதனை ஒரு முழு நாள் முந்திப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால் என் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்வேன். ரைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தால் மட்டும் நான் வேறு ஆளாகிவிடுகிறேன்.

வெட்டிய அந்த வரி இருந்திருந்தால், வாசித்த எவரும் அந்த எழுத்து எந்த நாள் என்று கேட்டிருப்பார்கள். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போய் ஐயாவின் முன்னால் வைத்தேன். அவர் வெட்டுக் கோட்டை மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு இதை வெட்டினனீர், பிள்ளை?"

"நாலு மணி இருக்கும், ஐயா."

"அதையும் எழுதும்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் அழுதிருக்கலாம். அழ விடாமல் வேலையைத் தந்தார்.

குழு கூடியபோது இளைப்பாறிய தபாலதிபர் ஒரு வழி சொன்னார். பிழை எங்கள் பக்கம் என்று எழுதினால் இனி எங்கள் கடதாசி ஒன்றையும் நீதிமன்றம் நம்பாது. படிப்பறிவு குறைந்த பெண், கவலையில் நாளை மாறிச் சொல்லிவிட்டாள் என்று எழுதலாம், அதில் யாருக்கும் நட்டமில்லை என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையில் எனக்கும் அந்த வழி இனித்தது. ஒரு நிமிடம் ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

"அந்த மனிசி பிழையாச் சொல்லேல்லை. நாங்கள்தான் பிழையா அளந்தனாங்கள். அளக்கிற சங்கிலி பிடிச்ச ஆள்தான் கையெழுத்து வைக்கவேணும்" என்றார் ஐயா. பிறகு அரச தரப்புப் பதிலை எல்லோருக்கும் முன்னால் விரித்து, ஒரு வரியில் புள்ளி வைத்தார். "இன்னொண்டு. அந்த மனிசனை இவை கண்டதேயில்லை எண்டால், அவர் எழுத்துக்குச் சாட்சி வைச்சது இவைக்கு ஆர் சொன்னது?"

தபாலதிபர் அந்தப் பதிலைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். வெட்கத்தில் இருந்த எனக்கு அது தோன்றவேயில்லை.

மறுநாள் ஐயாவும் நானும் பஸ்ஸில் போய் விவாகப் பதிவுகாரரைக் கண்டோம். அன்னலெட்சுமியும் கூட வந்தாள். பதிவுகாரர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தணிகாசலத்தின் கையெழுத்து பெரிதாக, கீழே ஒரு கோடு இழுத்து இருந்தது.

"இந்தப் புத்தகத்தை ஆரும் வந்து பாத்தவையோ? படி எடுத்தவையோ?"

"ஒருத்தரும் வரேல்லை, சேவேயர்."

"அதை எழுதித் தருவீங்களோ?"

பதிவுகாரர் புத்தகத்தை மூடினார். "என்ரை ரண்டு பொடியளும் படிக்கிறாங்கள்" என்றார். ஐயா வற்புறுத்தவில்லை. அன்னலெட்சுமி படியில் நின்றபடியே, "ஐயா, நீங்கள் எழுதாட்டி அந்தக் கையெழுத்தே அவரின்ரை உயிரை எடுத்திடும்" என்றாள். பதிவுகாரர் பேனையை எடுத்தார். ஒருத்தரும் வரவில்லை என்று எழுதித் திகதியும் போட்டார்.

அந்தப் பதிவு ஆரவாரமில்லாமல் நடந்தது. அறையில் இருந்தது பொம்பிளை, மாப்பிள்ளை, பதிவுகாரர், இரண்டு சாட்சிகள். நாலு பேரும் அன்னலெட்சுமியும், எங்களைத் தவிர வெளியில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை என்று சத்தியக் கடதாசி தந்தார்கள். ஐந்தாவது ஆள் தணிகாசலம். ஆகவே அது அவர் வாயில் இருந்துதான் போயிருக்கவேண்டும், அவர் அவர்கள் கையில்தான் இருக்கவேண்டும்.

என்னுடைய கடதாசியை நானே அடித்தேன். என் பெயர், என் விலாசம், நான் வெட்டிய வரி, வெட்டிய நேரம். அண்ணை அரசாங்க எழுதுவினைஞர், இளைப்பாற நாலு வருடம் இருந்தது. "ஆரோ ஒருத்தனுக்காக உன்ரை பேரை ஏன் உவங்களுக்குக் குடுக்கிறாய்? நாளைக்கு என்ரை கந்தோருக்கு வருவாங்கள்" என்றார். அவருடைய பயம் நியாயமான பயம். எனக்கும் அதே பயம் இருந்தது. அந்த மாதம் முழுவதும் ஜீப் சத்தம் கேட்டால் தையல் ஊசியைக் கையில் குத்திக்கொள்வேன். ஆனால் அந்தக் கடதாசியில் வேறு யாருடைய பெயரையும் போட வழியில்லை.

இரண்டாவது மனு விசாரணைக்கு வந்தபோது அன்னலெட்சுமியோடு நான் கொழும்புக்குப் போனேன். நீதிபதி அவளிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம், வெள்ளிக்கிழமை எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இப்படியும் ஒரு மனிதன் கேட்பானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"விடிஞ்சால் வெள்ளி, ஐயா. விடியாட்டி வியாழன்தானே."

நீதிபதி அதை எழுதிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். தன்னுடைய ஊரில் தன் தாயாரும் அப்படித்தான் சொல்வாராம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் புன்னகைத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு சனத்துக்கும் பொதுவான ஒரு சின்ன விஷயம், ஒரு வசனத்தில் விளங்கிவிட்டது, அதைச் சொல்லிமுடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் சென்றிருக்கிறது. பிறகு அவர் அரச தரப்புச் சட்டத்தரணியைப் பார்த்து, அந்தக் கையெழுத்தைப் பற்றி உங்களுக்கு யார் அறிவித்தது என்று கேட்டார். சட்டத்தரணி பதில் சொல்லத் தவணை கேட்டார். அடுத்த தவணையில், அந்தப் பெயருடைய ஒருவர் புதிய சட்டத்தின் கீழ் இன்னொரு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்ற வராந்தாவில் அன்னலெட்சுமி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். மேலும் சில மாதங்களில் ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் அவரை விட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் வேறு குரலில் எழுதியிருப்பேன்.

விடுதலையாகிப் பத்து நாளில் தணிகாசலம் மனைவியோடு எங்களிடம் வந்தார். தானாகவே வந்தார், தனக்கு நடந்ததை எழுதவேண்டும் என்று. நல்ல உயரமான மனிதர். வலது கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தார். ஐயாவின் சட்டப்படி தேத்தண்ணி, பிறகு முழுக்கதை, பிறகு இரண்டாம் முறை. நான் எழுதினேன். அறையின் நீள அகலத்தை ஐயா கேட்டார், அவர் காலடியால் அளந்து காட்டினார். முதல் முகாமில் கேள்விதான் அதிகம், அடி குறைவு என்றார். பிடிபட்ட நாளை ஆரம்பத்தில் இருந்து சொல்லச் சொன்னார்களாம். எழுத்துக்குப் போனதையும் சொல்லியிருக்கிறார்.

"பேந்து ஒரு நாள் ஒருத்தன் வந்து, உன்ரை மனிசி போட்ட வழக்குச் சரிவரேல்லை, உன்னைத் தேட இனி ஆளில்லை எண்டு சொன்னான். அண்டைக்குத்தான் என்னை மற்ற முகாமுக்கு ஏத்தினவங்கள். கை அங்கைதான்."

என் பென்சில் நின்றது. ஐயா என்னைப் பார்த்தார், ஆனால் பென்சிலை என் கையில் இருந்து வாங்கவில்லை. 

"அந்த வழக்குப் பிழைச்சது என்னாலை" என்றேன். "உங்கடை மனிசி சரியாத்தான் சொன்னவ. நான்தான் நாளை மாறி எழுதினனான்."

"தெரியும். இவ சொன்னவ" என்றார். என்னை மன்னிக்கிற முகமாகவும் இல்லை, வெறுக்கிற முகமாகவும் இல்லை. களைத்துப்போன முகம். "நீங்கள் எழுதுங்கோ, அக்கா. இன்னும் இருக்கு."

எழுதினேன். எந்த விரல் முதலில், எதனால், எத்தனை பேர் பிடித்திருந்தார்கள் என்று ஐயா கேட்டார், அவர் சொன்னார், நான் எழுதினேன். ஒரு வரியும் வெட்டவில்லை. பிறகு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மனு தள்ளுபடியான அந்த வரியை இரண்டாம் தரம் தொடங்கி வாசிக்கவேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார். நான் வாசித்து முடித்ததும் ஓம் என்றார். தாள் ஏற்றி, அடித்து, மேசையில் வைத்து, வழக்கம்போலப் பேனையை நீட்டிவிட்டேன். அவர் அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மூன்று மடங்கவில்லை.

ஐயா அலமாரியில் இருந்து மைப்பெட்டியை எடுத்து வைத்தார். தணிகாசலம் இடது கையை நீட்டினார்.  நான் அந்தப் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு, அவர் பெயருக்கு மேலே வைத்தேன். எனக்கு அழுத்த மனம் வரவில்லை, நோகுமோ என்றிருந்தது.

"நல்லா அமத்துங்கோ, அக்கா" என்றார் அவர். "தெளிவில்லாட்டிப் பேந்தும் பொய்யெண்டுவாங்கள்."